சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்

மணியக்குறிச்சியில் ஒருவரை மூன்று தடவை பார்த்துவிட்டால், நான்காம் நாள் காலையில் அவருடைய உள்ளாள் நம் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு சாண் உயரம் இருக்கும். அதே முகம், அதே உடுப்பு, அதே இருமல். கதவைத் தட்டாது. எழுந்து பார்க்கும்போது அலமாரியிலோ பரணிலோ ஜன்னல் கட்டையிலோ உட்கார்ந்திருக்கும். வேண்டியவர்களின் உள்ளாளுக்கு ஒரு வாய் சோறு வைப்பார்கள். மற்றவை தூசியைத் தின்றுகொண்டு இருந்துவிடும்.

ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் யாரும் அவரைக் கேட்பதில்லை. அவருடைய உள்ளாளை எடுத்துப் பார்ப்பார்கள். அது கொட்டாவி விட்டால் அவருக்குச் சலிப்பு. நகத்தைக் கடித்தால் ஏதோ பயம். மளிகைக்கடைக்காரர் கடையின் பின்பக்கம் தொள்ளாயிரம் உள்ளாட்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வாடிக்கையாளர் வந்து நின்றால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துவரம்பருப்பைக் கட்டிக் கொடுப்பார். அவர்களும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். அதனால் ஊர் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. கேள்விகள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும், பாடத்தின் கடைசியில், எண் போட்டு இருந்தன.

மங்கையர்க்கரசிக்கு உள்ளாட்கள் வரவில்லை.

மற்ற பிள்ளைகளுக்கு நான்கு வயதில் அம்மாவின் உள்ளாள் முதலில் வரும். அரசியின் அம்மா அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, காகிதம் விரித்து, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் வைத்துக் காத்திருந்தாள். ஐந்து முடிந்தது, ஆறு முடிந்தது. காகிதம் பழுத்தது. ஏழாம் வயதில் ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அரசியின் தலையைப் படமெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடம் இருக்கு. விளக்கும் எரியுது. ஆனா வேற மாதிரி எரியுது. தானா ஆள் வராதும்மா" என்று சொல்லி, சீட்டில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்.

இதற்கு மேல் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. டாக்டரை ஒரே தடவைதான் பார்த்திருந்ததால் அவருடைய உள்ளாளும் வீட்டில் இல்லை. இன்னும் இரண்டு தடவை போய் வரிசையில் நின்று அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் காலையில் டாக்டரின் உள்ளாள் அரிசி டப்பா மேல் இருந்தது. அது சாப்பாட்டுக் கேரியரை மூடிக்கொண்டிருந்தது. இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று அம்மா புரிந்துகொண்டாள்.

அதன்பிறகு அரசி எல்லாவற்றையும் ஆட்களிடமே கேட்டாள். அவளுக்கு வேறு வழி இல்லை.

"பெரியம்மா, இப்பச் சிரிச்சீங்களே, அது சந்தோஷமா, சும்மாவா?"

"மாமா, நீங்க போறேன் போறேன்னு சொல்றீங்க. போகப் போறீங்களா, இருக்கப் போறீங்களா?"

கேட்கப்பட்டவர்களுக்கு யாரோ சட்டைப் பைக்குள் கையை விட்டதுபோல இருக்கும். பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். சொல்கிற சிலர் சொல்லும்போது, அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பாள். கண்ணையும் பார்த்து வார்த்தையையும் கேட்பது அவளுக்கு இரண்டு ரேடியோவை ஒரே நேரத்தில் வைத்ததுபோல இருந்தது. சுவரைப் பார்த்தால் ஒரு சொல் விடாமல் கேட்கும். வெள்ளையடித்த சுவராக இருந்தால் இன்னும் நல்லது.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஊருக்கு வடக்கே இருந்த வானிலைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நான்கு கால் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் வெப்பமானிகள், வெளியே ஒரு மழைமானி, கம்பத்தின் உச்சியில் காற்றுக்காட்டி. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வெப்பமானியில் முப்பத்தொன்று இருந்தால் முப்பத்தொன்றுதான். அது முகத்தை வேறு விதமாக வைத்துக்கொள்வதில்லை. அரசிக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இருபத்தொன்பதாம் வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திரவியம், பஸ் கண்டக்டர், முப்பத்துநாலு வயது. தினமும் நானூறு முகம் பார்க்கிறவன் என்பதால் அவன் வீட்டில் உள்ளாட்களுக்கென்றே ஒரு தனி அறை இருந்தது. அவன் அம்மா அவனுடைய உள்ளாளை எப்போதும் சுருக்குப்பையில் இடுப்போடு வைத்திருந்தாள். அரசியின் வீட்டில் யாருக்கும் அவன் உள்ளாள் இன்னும் வரவில்லை. எனவே என்ன கொடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் சமையலறையில் நின்றார்கள். அரசி கூடத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு டீயா, காபியா?"

"டீ" என்றாள் அவன் அம்மா, சுருக்குப்பையை விரித்துப் பார்த்துவிட்டு.

"அத்தை, அவரைக் கேட்டேன்."

திரவியம் தரையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு டீதான் கொடுத்திருந்தார்கள். பிறகு, தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்கிறவன்போல, "காபி" என்றான். குடித்து முடித்ததும் இன்னொன்று கேட்டான். கிளம்பும்போது கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொன்னான்.

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. திரவியத்தின் வீட்டில் அவனுடைய அம்மா முன்கட்டிலும் இவர்கள் பின்கட்டிலுமாகக் குடித்தனம் இருந்தார்கள். கணவன் மனைவி விஷயத்தில் மட்டும் உள்ளாள் வரத் தொண்ணூறு நாள் ஆகும். அந்தத் தொண்ணூறு நாளும் நன்றாக இருந்தன. அவன் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அரசி கேட்பாள்.

"இடுப்பு வலிக்குதா?"

"ஆமா."

"பேசணுமா, பேசாம இருக்கணுமா?"

"பேசாம இரு."

அவள் பேசாமல் இருப்பாள். இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்து கொடியில் துணி காய்வதைப் பார்ப்பார்கள். ஒருநாள் அவன், "என் வீட்டுக்குள்ள என்னை யாரோ இப்பத்தான் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றான். யார் கூட்டிவந்தது என்று அரசி கேட்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்ன வகை என்று கேட்டாள். "சந்தோஷம்" என்றான். அவள் சுவரைப் பார்த்தபடி அதை முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்றோராம் நாள் காலையில் பீரோ மேல் அரசியின் உள்ளாள் இருந்தது. நீல நூல்சேலை கட்டியிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"இது ஏன் சுவரைப் பார்த்து இருக்கு?" என்றாள் அரசி.

"நீ அப்படித்தானே இருக்கே."

"நான் நீங்க பேசுறதைக் கேக்கத் திரும்புறேன். இது எதுக்குத் திரும்பியிருக்கு?"

திரவியம் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதன் முகத்தை எட்டிப் பார்த்தான். இறங்கும்போது அவன் முகம் வாடியிருந்தது.

"இதுக்கு என்னைப் பிடிக்கல."

"எனக்குப் பிடிக்குதே."

அவன் மறுபடி பீரோ மேல் பார்த்தான். "இல்ல" என்றான் வருத்தமாக.

அரசிக்கு வருத்தம் முழங்கைகளில் வரும். அன்று அவளுடைய முழங்கைகள் ஈரத்துணிபோலக் கனத்தன. அவளால் ரசத்தைத் தூக்கி இறக்க முடியவில்லை.

அதிலிருந்து திரவியம் வீட்டுக்கு வந்ததும் முதலில் பீரோவைப் பார்த்தான். அரசி கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் அங்கே பார்த்தான். பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டான். பீரோ மேல் இருப்பவள் எதையும் கேட்பதில்லை. கேட்காதவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ஒரு முழம் மல்லிகையில் நான்கு பூவைக் கிள்ளி அவள் தலைக்கு வைப்பான். நின்றபடியே மன்னிப்புக் கேட்பான். எதற்காக மன்னிப்பு என்று அரசி அவனிடம் விசாரித்தாள். அவனுக்கும் தெரியவில்லை. முதுகைப் பார்த்தால் பெரிய தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றான்.

ஐப்பசியில் அவன் பீரோ மேல் இருந்தவளைத் தோல்பைக்குள் வைத்து டியூட்டிக்கும் கொண்டுபோக ஆரம்பித்தான். பஸ் வானிலைக் கூடத்தைத் தாண்டும்போது அரசி மழைமானிப் பக்கத்தில் நின்று கையாட்டுவாள். அவன் பையைத் திறந்து உள்ளே பார்ப்பான். பையில் இருப்பவள் கையாட்டவில்லை. அவனும் ஆட்ட மாட்டான்.

கார்த்திகையில் எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்காவின் கணவர் இறந்துபோனார். தெருவே போனது, அரசியும் போனாள். பெண்கள் ஒவ்வொருவரும் மடியில் கஸ்தூரியின் உள்ளாளை வைத்திருந்தார்கள். அந்த உள்ளாட்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதன. அவற்றின் அழுகைக்குத் தகுந்தபடி பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் எல்லாம் அளவோடு, சரியாக இருந்தது. கஸ்தூரி நடுவில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

கஸ்தூரி கண்ணை இறக்கி அரசியைப் பார்த்தாள்.

"தலை அரிக்குது அரசி. மூணு நாளா ஆஸ்பத்திரியில இருந்தேன். யாராச்சும் சீவி விட்டா நல்லா இருக்கும்."

அரசி சீப்பை எடுத்துவந்து, பின்னால் உட்கார்ந்து, சிக்கெடுத்தாள். கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள் முதல் தடவையாகத் தளர்ந்தது. இரண்டு பாகம் சீவி முடிப்பதற்குள் ஒரு பெண் தன் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இப்பத் தலை சீவுற நெனப்பே இல்லையே" என்றாள். மற்றவர்களும் பார்த்தார்கள். எல்லா மடியிலும் கஸ்தூரி தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தாள். பெரிய கஸ்தூரிக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். ஒருத்தி சீப்பை வாங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். இன்னொருத்தி சீவிய பாகத்தைக் கலைத்துவிட்டாள். கஸ்தூரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அரசி எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் திரவியம் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"கஸ்தூரி வீட்டுல போய் என்னமோ செஞ்சியாம்."

"தலை சீவுனேன். அவங்க கேட்டாங்க."

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் உன் உள்ளாள் சுவரைப் பார்த்துத்தான் இருக்காம். உனக்கு மனுஷங்களே ஆகாதாம். நானூத்திப் பன்னெண்டு வீடு. ஒரு வீட்டுல கூட முகம் காட்டலையாம்."

"நீங்க என் முகத்தைப் பாருங்க."

"பார்த்தா என்ன தெரியும்?" என்றான். அது அவனுக்கே கேள்வியாக இருந்ததுபோலத் தெரிந்தது. பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டுல ரெண்டு அரசி இருக்கீங்க. ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. என்னால ரெண்டு பேரையும் வச்சுக் குடும்பம் நடத்த முடியல" என்றான்.

தை மாதம் அவன் கோர்ட்டில் மனு கொடுத்தான். யார் தன் மனைவி என்பதைத் தீர்மானித்துத் தர வேண்டும் என்று மனுவில் இருந்தது.

மூன்று வாய்தா நடந்தது. நீதிபதி ஜலதோஷம் பிடித்த ஒரு நடுவயது அம்மாள். நான்காம் வாய்தாவில்தான் விசாரணையைத் தொடங்கினார், ஏனென்றால் அதற்குள் அரசியின் உள்ளாள் அவர் வீட்டுக்கும் வந்திருந்தது. அதைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். திரவியம் தன்னுடையதைக் கூண்டில், இரண்டு சட்டப் புத்தகத்தின் மேல் உட்கார வைத்தான். கூண்டில் இருந்தவள் கிழக்குச் சுவரைப் பார்த்தாள். மேசையில் இருந்தவள் மேற்குச் சுவரைப் பார்த்தாள்.

"திசை மாறினாலும் இரண்டும் சுவர்தான் என்பதை மாண்புமிகு நீதிமன்றம் கவனிக்க வேண்டும்" என்றார் வக்கீல்.

நீதிபதி கவனித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்.

"அம்மா, நான் இங்கதான் நிக்கிறேன். என்னைக் கேளுங்க" என்றாள் அரசி.

நீதிபதி நல்ல மனுஷி. அவர் குரலில் கடுமை இல்லை. "உன்னைக் கேட்டா நீ சொல்றதுதான் தெரியும்மா. நீ நினைக்கிறது இதுலதானே தெரியும்" என்றார்.

"அப்ப நான் அவரை ஒரு கேள்வி கேக்கலாமா?"

வக்கீல் ஆட்சேபித்தார். ஒன்று கேட்கலாம் என்று நீதிபதி அனுமதித்தார்.

அரசி திரவியத்தின் பக்கம் திரும்பினாள். பழக்கத்தில் அவள் கண் சுவருக்குப் போகப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தி, அவன் முகத்திலேயே வைத்தாள். நெற்றிப்பொட்டு தெறித்தது. கோர்ட்டில் ஓடிய மின்விசிறிகள் எல்லாம் காதுக்குள் வந்தன.

"நீங்க இப்ப என்ன நினைக்கிறீங்க?"

திரவியம் வாயைத் திறந்தான். தோல்பைக்குள் கையை விட்டுத் தேடினான். அவன் அம்மாவின் உள்ளாள் இருந்தது. டிரைவரின் உள்ளாள் இருந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டரின் உள்ளாள் டிக்கெட்டுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. அவனுடையது இல்லை. யாரும் தன்னுடைய உள்ளாளைத் தான் வைத்துக்கொள்வதில்லை. அவன் அம்மா பார்வையாளர் பெஞ்சிலிருந்து சுருக்குப்பையை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"தெரியல" என்றான்.

அரசி முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அவன் சொன்ன அந்த ஒரு சொல்லை ஒழுங்காகக் கேட்பதற்காகத் திரும்பினாள். நீதிபதி மேசையிலிருந்த உள்ளாளையும் அரசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார்.

தீர்ப்பு இரண்டு பக்கம். மனைவி என்ற சொல் சாண் உயரம் உள்ளவரைக் குறிக்கும் என்றும், ஊரில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு வீட்டு உள்ளாட்களின் நிலைப்பாடும் ஒன்றாக இருக்க, ஒருவர் மட்டும் மாறுபடுவதால் அவருடைய கூற்றை ஏற்பதற்கில்லை என்றும், அவர் முப்பது நாளுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. அரசி இருபத்தொன்பதாம் நாள் தன் துணிகளை எடுத்துக்கொண்டு வானிலைக் கூடத்தின் பின்னறைக்குப் போனாள். திரவியம் பெட்டியைத் தூக்கித் தெருமுனைவரை வந்தான். பஸ்ஸில் முதியவர்களுக்குச் செய்வதுபோல ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

பின்னறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு கொடி. சுவர் வெள்ளையடித்திருந்தது. அதைப் பார்த்துக் கேட்பதற்கு யாரும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு எழுதி முடித்தால் மறுநாள் எட்டரை வரை அவளுடைய குரல் அவளுக்குத் தேவைப்படாது. சில நாள் காலையில் பால்காரர் சைக்கிளில் வரும்போது, தொண்டை இருக்கிறதா என்று பார்க்க, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். அவர் ஹேண்டில் பாரில் தொங்கும் சின்னக் கூடையைப் பார்ப்பார். அதில் அவளுடைய முதுகு இருக்கும். பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.

சித்திரையில் ஒருநாள் திரவியம் வந்தான். மெலிந்திருந்தான். வேலிக்கு வெளியே நின்றான்.

"அரசி சாப்பிட மாட்டேங்கிறா. பத்து நாளாச்சு" என்றான்.

"வயிறு வலிக்குதான்னு கேட்டீங்களா?"

"அவகிட்ட எப்படிக் கேக்க? அதான், உனக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சா அதைச் செஞ்சு வைக்கலாம்னு வந்தேன்."

அவன் அவளை ஒன்று கேட்டிருந்தான். தொண்ணூறு நாளிலும் கேட்டதில்லை, அவளே கேட்டுக்கொண்டிருந்ததால் அதற்கு இடம் இருக்கவில்லை. அரசி மழைமானியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நன்றாக யோசித்து, சரியான பதிலைச் சொன்னாள்.

"தயிர் சோறு. ஆறியிருக்கணும். ஊறுகாய் தனிக் கிண்ணத்துல வேணும், சோத்துல படக்கூடாது. சாப்பிடும்போது பக்கத்துல இருக்கணும், ஆனா பார்க்கக் கூடாது."

அவன் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தான்.

"தொடல. அது அவளுக்குப் பிடிக்காதாம்."

"எனக்குப் பிடிக்கும்."

"உனக்குப் பிடிக்கும். அவளுக்கு ஆகாது" என்றான். வேலியில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. என்ன என்று அரசி கேட்டாள். அவன் பையைத் திறந்து பார்த்தான். பிறகு நடந்து போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம் திரவியத்தின் வீட்டில் அரசி இறந்துபோனாள்.

தகவல் பால்காரர் மூலமாக வந்தது. நகராட்சியில் பெயரைப் பதிந்து, ரேஷன் கார்டில் கோடு போட்டுவிட்டார்களாம். அரசி எட்டரை அளவை எழுதிவிட்டுக் கிளம்பினாள். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் ஒரு பலகை மேல், வாழையிலையில், நீல நூல்சேலையோடு உள்ளாளைக் கிடத்தியிருந்தார்கள். கடைசிவரை முகத்தைத் திருப்ப முடியவில்லை போலிருக்கிறது, ஒருக்களித்தே படுத்திருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். மனுஷர்களோடு ஒட்டாவிட்டாலும் நல்லவள் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் ஆமோதித்தார்கள்.

அரசி உள்ளே போனதை யாரும் தடுக்கவில்லை. அரசி துக்க வீட்டுக்கெல்லாம் வருகிறவள் இல்லை என்று அவரவர் உள்ளாளைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் வந்திருப்பது அரசியாக இருக்க முடியாது. அசலூரிலிருந்து வந்த யாரோ என்று ஒருத்தி நகர்ந்து பாயில் இடம் விட்டாள். கஸ்தூரி மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவளும் மடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தலை சிக்கு விழுந்துதான் இருந்தது.

திரவியம் பின்வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தான். தோல்பை பக்கத்தில் காலியாகக் கிடந்தது. எல்லா உள்ளாட்களையும் எடுத்து வெளியே விட்டிருந்தான். அவை கொடிக்குக் கீழே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அரசி ஒரு கை இடைவெளி விட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முழங்கைகள் தூக்க முடியாமல் கனத்தன, மடியில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்றாள்.

அவன் நிமிர்ந்து, முன்பின் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்தான். அவனுடைய கண் நிறைந்தது.

"என் வீட்டுக்காரி இருந்தா இப்படித்தாங்க கேட்பா" என்றான். "வேற யாரும் கேட்டதில்ல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்பா. வலிக்குதா, பேசணுமா, பேச வேண்டாமா, எல்லாம் கேட்பா. நான் அவளை ஒண்ணும் கேட்டதில்லீங்க."

"ஒரு தடவை கேட்டீங்க."

"கேட்டேனா?"

"தயிர் சோறுன்னு பதில் வந்துச்சு."

அவன் யோசித்தான். அவனுக்கு நினைவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. அரசி முகத்தைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய கோடுகள் இருந்தன. அவன் பேசி முடிக்கும்வரை அவள் ஒரு சொல்லையும் விடவில்லை. பேசி முடித்தபோது அவன் ரொம்பக் களைத்திருந்தான். தூங்கப்போவதாகச் சொன்னான். சரி என்று அவள் எழுந்தாள். முன்வாசலில் வாழையிலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் தெற்கே போயிற்று, அவள் வடக்கே நடந்தாள்.

வானிலைக் கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து இருபத்தெட்டு. வேலிக்கு வெளியே கடல் வந்து நின்றுகொண்டிருந்தது. மணியக்குறிச்சிக்கும் கடலுக்கும் எண்பத்தாறு கிலோமீட்டர். தார் ரோட்டையும் எதிரிலிருந்த சோளக்காட்டையும் மூடி, கண்ணுக்கெட்டிய மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சத்தமில்லாமல் மூச்சு விட்டது.

"யாரைப் பார்க்கணும்?" என்றாள் அரசி.

"இங்க யாரையும் தெரியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றது கடல்.

"சரி."

அவள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கேட்டைத் திறந்து உள்ளே போனாள். வெப்பம் இருபத்தொன்பது. மழை இல்லை. காற்று கிழக்கிலிருந்து, மெதுவாக. பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'கடல், வேலிவரை' என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு, அம்மா ஒருகாலத்தில் அலமாரியில் தட்டைக் காலி செய்ததுபோல, நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டு, கடலுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.